பனி பெய்யாத ஊரில் ஐந்து நாணயங்கள்

எங்கள் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் எனக்கு எதிர் மேசையில் ஓர் அக்கா இருக்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு முற்றி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டபோது, வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடலாமா என்ற கேள்வி அவரை இரவும் பகலும் அரித்துக்கொண்டிருந்தது. குறி சொல்லப் பலரும் பயன்படுத்தும் எழுபத்தெட்டுப் படச்சீட்டுகளான டாரட் அட்டைகளை நான் வைத்திருப்பது அவருக்குத் தெரியும். ஒருநாள் மதிய உணவு முடிந்ததும், "எனக்கும் ஒண்ணு எடுத்துப் பாரேன்" என்றார். நான் எதிர்காலம் சொல்பவள் அல்ல. மனத்தில் சிக்கிக் கிடப்பதை ஒரு படத்தின் முன் உட்கார்ந்து பேசிப் பார்க்க உதவும் கருவியாகத்தான் இந்த அட்டைகளைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வைத்திருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு, கட்டைக் கலைத்து அவர் முன் விரித்தேன். அவர் எடுத்தது ஐந்து நாணயங்கள்.

அந்த அட்டையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கறுத்த வானம், அதிலிருந்து வெள்ளைப் பொட்டுகளாகப் பனி விழுகிறது. கிழிந்த சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் வெறுங்காலுடன் நடந்து போகிறாள். அவளுக்குப் பின்னால், காலில் கட்டுப் போட்ட ஒருவன் ஊன்றுகோல்களில் தொங்கியபடி வருகிறான்; அவன் கழுத்தில் ஒரு மணி. இருவருக்கும் மேலே, தேவாலயத்தினுடையது போன்ற வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்று உள்ளிருந்து ஒளிர்கிறது. ஐந்து நாணயங்களும் அந்தச் சன்னலில்தான் இருக்கின்றன. வறுமை, நோய், ஒதுக்கப்படுதல், பக்கத்திலேயே இருந்தும் கைக்கு எட்டாத உதவி ஆகியவற்றைச் சொல்லும் அட்டை இது. அக்காவின் அன்றைய நிலைக்கு இதைவிடப் பொருத்தமான படம் எழுபத்தெட்டில் இன்னொன்று கிடையாது.

"இது என்னம்மா, மேலேருந்து கொட்டுது?" என்று கேட்டார்.

"பனிக்கா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மார்கழியா? கோயிலுக்குப் போறாங்களா ரெண்டு பேரும்? காலில செருப்பு இல்ல பாரு. உள்ள தீபாராதனை நடக்குது போல."

நான் பதில் பேசாமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. சென்னையில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குப் பனி என்பது விடியற்காலையில் கோலம் போடும்போது தோளில் இறங்கும் மார்கழிப் பனிதான். உறைந்துபோய்ச் சாக வைக்கும் பனியை அவர் உடம்பு அறியாது. வெறுங்கால் என்பது நமக்கு ஏழ்மையின் அடையாளமாவதற்கு முன்பே பக்தியின் அடையாளம். ஒளிரும் சன்னலுக்குள் சாமி இருக்கிறது, மணி ஒலிக்கிறது, காலில் அடிபட்டவரும் வேண்டுதலுக்காக நடந்து போகிறார். நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் லண்டனில் வரையப்பட்ட ஒரு துயரப் படம், எங்கள் அலுவலகத்துச் சாப்பாட்டு மேசையில் ஒரு மங்கலக் காட்சியாக மாறிப்போயிற்று. அக்கா தன் சிக்கலைப் பற்றி அன்று எதுவும் பேசவில்லை. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இன்றைய அன்றாட வாழ்க்கையைப் படமாக வைத்திருக்கும் டாரட் கட்டுகளை நான் தேடத் தொடங்கியது அந்த மதியத்தில்தான். அந்தத் தேடலில் என்ன கண்டேன், எதில் ஏமாந்தேன், ஒரு கட்டு நம் வாழ்க்கையைப் பேசுகிறதா என்பதை இப்போது எப்படிப் பார்க்கிறேன் என்பதைச் சற்று விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில், நம்மில் பெரும்பாலோர் டாரட் என்றதும் நினைத்துக்கொள்ளும் அந்தப் படங்களைப் பற்றி. ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவரின் திட்டப்படி பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்து, 1909ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் வில்லியம் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டு அது. 22 பெரிய அட்டைகள். கோல், கோப்பை, வாள், நாணயம் என்ற நான்கு வகைகளில் 56 சிறிய அட்டைகள். அதற்கு முன் பரவலாக இருந்த கட்டுகளில் சிறிய அட்டைகளுக்குக் கதையே கிடையாது. ஐந்து நாணயம் என்றால், நம்முடைய சீட்டுக்கட்டில் ஐந்தாம் டைமண்ட் இருப்பதுபோல, ஐந்து வட்டங்கள் இருக்கும், அவ்வளவுதான். ஸ்மித்தான் ஒவ்வொரு சிறிய அட்டையிலும் மனிதர்களை நிறுத்தி, அவர்களுக்கு ஒரு செயலையும் ஒரு முகத்தையும் கொடுத்தார். ஏறக்குறைய 80 படங்களை வரைந்து முடித்த பிறகு, மிகச் சொற்பக் காசுக்கு ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்திருப்பதாக, ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற புகைப்படக் கலைஞருக்கு அவர் கடிதம் எழுதினார். அவர் 1951இல் இறந்தார். அந்தப் படங்கள் உலகம் முழுவதும் விற்றுப் பெருகியதன் பயன் அவரைச் சேரவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ஸ்மித் நாடகக்காரர். லண்டன் லைசியம் நாடக அரங்கத்தின் கலைஞர்களோடு பழகியவர், மேடை வடிவமைப்பிலும் ஆடை வடிவமைப்பிலும் ஈடுபட்டவர். அவருடைய லண்டனில் மின்சார ரயில் பூமிக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் வாக்குரிமைக்காகத் தெருவில் நின்றார்கள். அவரே அந்த இயக்கத்துக்காகப் படம் வரைந்தார். ஆனால் அட்டைகளில் அவர் அந்த லண்டனை வரையவில்லை. மாறாக, மேடையில் கண்ட இடைக்கால ஆடைகளை உடுத்திய ஆட்களை வரைந்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் வரைந்த உடல்களின் நிலை அத்தனை துல்லியமானது; ஆடை எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதையே பல இடங்களில் மறக்கச் செய்துவிடுகிறது. ஒன்பது வாள்கள் அட்டையில் நள்ளிரவில் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருக்கும் அந்த உருவத்துக்கு எந்த ஊரிலும் விளக்கம் தேவைப்படாது. போர்வையில் ரோஜாப் பூக்களும் ராசிச் சின்னங்களும் கட்டம் கட்டமாக இருக்கின்றன. நான் பல இரவுகள் அந்தப் போர்வைக்குள் இருந்திருக்கிறேன். இடர்ப்பாடு எங்கே வருகிறதென்றால், பொருளைச் சொல்லும் பொறுப்பு உடலை விட்டுச் சூழலின் மீது விழும்போது வருகிறது. ஐந்து நாணயங்களில் துயரத்தைச் சுமப்பது பனி. பனியை அறியாதவருக்கு அந்த அட்டை திறப்பதில்லை.

நவீனக் கட்டுகளைப் பற்றிப் பேசும்போது, மூலப் படங்களை மாற்றுவது மரபுக்கு விரோதம் என்று சொல்பவர்களைச் சந்திக்கிறேன். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் டாரட்டின் வரலாறு அவர்கள் பக்கம் இல்லை என்பதைப் படிக்கப் படிக்க உணர்ந்தேன். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டு விளையாட்டாகப் பிறந்தது டாரட். அன்றைய மிலான் ஆட்சியாளர்களான விஸ்கொந்தி, ஸ்ஃபோர்ஸா குடும்பங்களுக்காகப் பொன் பூசித் தீட்டிய கட்டுகளுள் ஒன்றில் இன்னும் 74 அட்டைகள் எஞ்சியிருக்கின்றன. நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும், பெர்காமோ நகரின் கராரா கலைக்கூடத்திலும், ஒரு தனியார் குடும்பத்திடமுமாக அவை பிரிந்து கிடக்கின்றன. அந்தப் படங்கள் நமக்குப் பழங்காலத்து மறைபொருள் போலத் தோன்றலாம். அதைக் கையில் பிடித்து விளையாடியவர்களுக்கு அவை கண்முன் நடமாடிய மனிதர்கள். இன்று நாம் 'மந்திரவாதி' என்று அழைக்கும் அட்டை, சந்தையில் மேசை போட்டு வித்தை காட்டிய தெருவித்தைக்காரன். விளக்கேந்திய துறவி அன்று மணற்கடிகாரம் ஏந்திய கிழவனாக, காலத்தின் உருவமாக இருந்தான். மூடன் என்பவன் தலைமுடியில் இறகுகள் செருகிய, கந்தலுடுத்திய பரதேசி.

ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் மனிதனைப் பற்றித் தெரிந்துகொண்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. இன்று அந்த அட்டைக்கு ஞானம், சரணாகதி, பார்வை மாற்றம் என்றெல்லாம் பொருள் சொல்கிறோம். அன்று அதன் பெயர் துரோகி. இத்தாலிய நகரங்களில், துரோகம் செய்தவர்கள் தப்பி ஓடிவிட்டால், அவர்களைத் தலைகீழாகத் தொங்குவதுபோலப் பொதுச் சுவர்களில் வரைந்து அவமானப்படுத்துவது வழக்கமாக இருந்தது. அந்தக் கட்டை வைத்திருந்த ஸ்ஃபோர்ஸா குடும்பத்தின் மூதாதையான படைத்தலைவரையே ஒரு போட்டிப் போப்பாண்டவர் ரோமாபுரியில் அப்படி வரையச் செய்தார். ஆகவே அந்த அட்டை அவர்களுக்கு, நேற்று கடைத்தெருச் சுவரில் பார்த்த சுவரொட்டி போன்றது. இதைவிட அன்றாடமான படம் வேறு என்ன இருக்க முடியும்?

இன்னும் பின்னால் போனால், அட்டைகள் தங்கள் படத்தை மாற்றிக்கொண்ட முதல் கதையே கிடைக்கிறது. ஐரோப்பாவுக்குச் சீட்டுக்கட்டு வந்தது எகிப்தின் மம்லூக் ஆட்சிப் பகுதியிலிருந்து. அத்தகைய கட்டு ஒன்று இஸ்தான்புல்லின் தோப்கபி அரண்மனையில் இருக்கிறது. கோப்பை, நாணயம், வாள் ஆகியவற்றோடு அதில் நான்காவதாக இருந்தது போலோ மட்டை. குதிரை மீதிருந்து ஆடும் அந்த விளையாட்டை அறியாத இத்தாலியர்கள் அதை வெறும் கோலாக்கிக்கொண்டார்கள். கையில் இருப்பது என்னவென்று தெரியாதபோது, தெரிந்த ஒன்றாக அதை மாற்றி வரைந்தார்கள். நான் இன்று தேடுவதும் அதுவே.

நான் எதிர்பாராமல் கண்டுபிடித்த இன்னொன்றும் உண்டு. பிரான்சில் இன்றும் டாரட்டைச் சீட்டு விளையாட்டாக ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்துக்கான கட்டு 19ஆம் நூற்றாண்டில் உருவானது. அதன் துருப்பு அட்டைகளில் பேரரசரும் இல்லை, சாத்தானும் இல்லை. குழந்தைப் பருவம், இளமை, நடு வயது, முதுமை; காலை, பிற்பகல், மாலை, இரவு; நடனம், கடைக்குப் போய்ப் பொருள் வாங்குதல், நான்கு பருவங்கள். பல அட்டைகளில் ஒரு முனையில் நகரத்துக் காட்சி, தலைகீழாகத் திருப்பினால் நாட்டுப்புறக் காட்சி. பொருள் வாங்கப் போவதற்கென்று தனியாக ஓர் அட்டை! அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் பவேரியாவில் தோன்றிய, 36 அட்டைகள் கொண்ட கிப்பர் கட்டும் இப்படித்தான். நீதிமன்றம், சிறை, வீடு, வேலை, சிறு நோய், நீண்ட வழி என்று அதில் ஒரு சிற்றூரின் வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. அன்றாடத்தை அட்டையில் வைப்பது இணையக் காலத்தின் புதுமை என்று நான் நினைத்திருந்ததை இவை இரண்டும் மாற்றிவிட்டன. நம் கிளி ஜோசியச் சீட்டும் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. கிளி உருவிக் கொடுக்கும் சீட்டில் முருகனோ அம்மனோ இருந்தால், படத்தை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. பார்த்த மாத்திரத்தில் மனம் அதில் இறங்கிவிடுகிறது. ஒரு படம் வேலை செய்வதென்றால் அதுதான்.

இனி இக்காலத்துக் கட்டுகள். 2004இல் வந்த ஹவுஸ்வைவ்ஸ் டாரட், 1950களின் அமெரிக்க விளம்பரப் படங்களைக் கொண்டு வீட்டு வேலையை அட்டைகளாக்கியது. சமையல் குறிப்புப் பெட்டி போன்ற பெட்டியில் அது வருகிறது. ரசித்தேன், ஆனால் அது இன்னொரு நாட்டின் இன்னொரு தலைமுறையின் சமையலறை. அதே ஆண்டில் இத்தாலியில் லோ ஸ்கரபெயோ வெளியிட்ட கே டாரட், இன்றைய உடையில் இருக்கும் ஆண்களின் காதலையும் வாழ்க்கையையும் வரைந்தது. தங்களுடைய காதலை எந்தக் கட்டிலும் காணாதவர்களுக்கு அது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. ராபின் ஸ்காட்டின் அர்பன் டாரட் நியூயார்க் நகரத்தை எடுத்துக்கொண்டது. 2019இல் லிசா ஸ்டெர்லே வரைந்த மாடர்ன் விட்ச் டாரட், ஸ்மித்தின் காட்சி அமைப்பை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு, உருவங்களைப் பெண்களாக்கி, இன்றைய உடைகளை உடுத்திவிட்டது. தேர் அட்டையில் தேருக்குப் பதில் மோட்டார் சைக்கிள். புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கட்டைத்தான், ஏனென்றால் ஸ்மித்தின் அட்டைகளைப் பற்றிய எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் இந்த அட்டைகளோடு பொருந்திப் போகும்.

ஆனால் தேடத் தேட ஒரு சலிப்பும் சேர்ந்தது. நவீனம் என்று சொல்லிக்கொண்ட பல கட்டுகளில் நவீனமாக இருந்தவை செல்பேசி, மடிக்கணினி, காபிக் கோப்பை ஆகிய மூன்று மட்டுமே. எட்டு நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மித்தின் படத்தில் ஒரு கைவினைஞன் பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்து, உளியும் சுத்தியலுமாக ஒரு நாணயத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். செய்து முடித்தவை பக்கத்துக் கம்பத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. அவன் முதுகின் வளைவும், கண் உளியின் நுனியில் நிலைத்திருப்பதும், முடித்தது அத்தனையும் எண்ணிப் பார்க்கும்படி எதிரில் இருப்பதும்தான் அந்த அட்டை. அதை மாற்றுகிறேன் என்று ஒரு பெண்ணை மடிக்கணினி முன் உட்கார வைத்து, அவளை நம்மைப் பார்த்துச் சிரிக்க வைத்தால், கருவி புதிதாகிவிட்டது, வேலை காணாமல் போய்விட்டது. எங்கள் அலுவலகத்தில் மார்ச் மாதக் கடைசியில் கணக்கு முடிப்பவர்கள் எவரும் அப்படிச் சிரிப்பதில்லை. நாற்காலியின் விளிம்புக்கு வந்து, கழுத்தை முன்னே நீட்டி, ஒரு விரலைக் காகிதத்தின் ஒரு வரியில் வைத்தபடி திரையைப் பார்ப்பார்கள். அந்த விரலை வரைந்தால் எனக்குப் போதும்.

இதனால்தான் பெல்ஜியத்துப் புகைப்படக் கலைஞர் அலீஸ் ஸ்மீட்ஸ் ஹைட்டி நாட்டுக் கலைஞர்களோடு சேர்ந்து உருவாக்கிய கெட்டோ டாரட்டை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரில், தூக்கியெறியப்பட்ட பொருட்களைக் கொண்டு சிற்பம் செய்யும் அத்திஸ் ரெசிஸ்தான்ஸ் என்ற கலைஞர் குழுவினரே அந்த அட்டைகளில் நடித்தார்கள். 1909இன் காட்சிகளைத் தங்கள் குடியிருப்பின் சந்துகளிலும் முற்றங்களிலும் நிறுத்தி, அங்கே கிடைத்த பொருட்களைக் கொண்டே தேவையானவற்றைச் செய்து, புகைப்படமாக எடுத்தார்கள். 2015இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி அது அச்சானது. அவற்றில் இருப்பவர்கள் வரையப்பட்ட அழகிகள் அல்லர். உண்மையான மனிதர்கள், உண்மையான வெயில், உண்மையான சுவர். வறுமையைப் படமெடுத்து விற்பதாக ஆகிவிடாதா என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. ஆனால் அந்தப் படங்களில் இருப்பவர்கள் படமெடுக்கப்படுபவர்களாக மட்டும் இல்லை. அவர்களே காட்சியை அமைக்கிறார்கள், அரசனாக அமர்கிறார்கள், மரணமாக நிற்கிறார்கள். ஒருவர் தன் தெருவில் அரசனாக உட்காரும்போது அவர் முதுகு நிமிர்வதை ஒரு புகைப்படம் மறைக்க முடியாது.

இப்போதெல்லாம் ஒரு புதிய கட்டைப் பற்றிக் கேள்விப்பட்டால், விற்பனைக்காக முன்னே வைக்கப்படும் மூடன், காதலர், சூரியன், நட்சத்திரம் ஆகிய அட்டைகளை நான் பார்ப்பதே இல்லை. எந்த ஓவியரும் அவற்றில் தன் முழுத் திறமையையும் காட்டிவிடுவார். எழுபத்தெட்டையும் புரட்டிக் காட்டும் காணொளி எங்காவது கிடைக்கும். அதில் நேராகச் சிறிய அட்டைகளுக்குப் போகிறேன், அதிலும் நாணயங்களுக்கு. வாடகை, சம்பளம், கடன், கைமாற்று, பிறரிடம் கேட்க நேரும் அவமானம் ஆகியவை அந்த வகையில்தான் இருக்கின்றன. ஆறு நாணயங்களில் தராசைப் பிடித்தபடி காசு போடுபவர் யார், கையேந்துபவர் யார், அவர்களுடைய கண்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பார்ப்பேன். இக்காலத்துக் கட்டுகள் பலவற்றில் எல்லோரும் வசதியாக இருக்கிறார்கள். ஐந்து நாணயங்களில்கூட அழகான மழைக்கோட்டு அணிந்திருக்கிறார்கள். பிறகு ஆறு வாள்கள். படகில் தலையைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண், பக்கத்தில் ஒரு குழந்தை, பின்னால் கோல் ஊன்றும் படகுக்காரன். ஈழத்திலிருந்து கடல் கடந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த என் தோழி ஒருத்திக்கு இந்த ஒரு படத்தில் மட்டும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவள் அந்த அட்டையை மேசையில் குப்புற வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பழைய கட்டு பழையதாக இருப்பதாலேயே பேசாது என்று நான் எண்ணிவிடக் கூடாது என்பதை எனக்குக் காட்டியவள் அவள்தான்.

அரசவை அட்டைகள் இன்னும் தீராத சிக்கல். பணியாள், வீரன், அரசி, அரசன் என்று நான்கு வகைக்கும் நான்கு பேர், ஆக மொத்தம் 16. நம் வாழ்க்கையில் அரசன் எங்கே இருக்கிறான்? 1981இல் வெளியான, வட்ட வடிவ அட்டைகள் கொண்ட மதர்பீஸ் டாரட் இவர்களை மகள், மகன், பூசாரிணி, ஷாமன் (ஆவிகளோடு பேசும் பழங்குடிப் பூசாரி) என்று மாற்றியது. வேறு சில கட்டுகள் இவர்களுக்குத் தொழில்களைக் கொடுக்கின்றன. அதிலும் எனக்கு முழு நிறைவு இல்லை. நமக்கு அதிகாரம் என்பது பதவியைவிட உறவில்தான் அதிகம் இருக்கிறது. வாள் அரசன் வந்தால், சொத்துப் பிரிக்கும்போது எல்லோரும் யாருடைய வாயைப் பார்த்து நிற்கிறார்களோ அந்தப் பெரியப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். கேட்பவர் உடனே நிமிர்ந்து உட்கார்கிறார். கோப்பை அரசிக்குப் பெரும்பாலும் ஒரு சித்தியோ அத்தையோ கிடைத்துவிடுகிறார். இதுபோலவே, இடி விழுந்து சரியும் கோபுரத்தை நான் தமிழில் கோபுரம் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் கை குவிக்கத் தோன்றுகிறது. இப்போது அடுக்குமாடி என்கிறேன்.

நவீனப் படங்கள் விரைவில் பழையதாகிவிடும் என்ற எதிர்வாதத்தை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கட்டில் காதிலிருந்து தொங்கும் கம்பியைப் பார்த்தாலே ஆண்டைச் சொல்லிவிடலாம். மேடை உடையை உடுத்தியதால்தான் ஸ்மித்தின் ஆட்களுக்கு வயதாகவில்லை. ஆனால் பழையதாவது ஒரு குற்றம் என்று நான் நினைக்கவில்லை. விஸ்கொந்தி அட்டைகளில் இருப்பவர்களின் ஆடையை வைத்து அந்தக் காலத்தைச் சொல்ல முடிகிறது; அதனால் அவை நமக்கு இன்னும் நெருக்கமாகத்தான் ஆகின்றன.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய கட்டுகளில் பெரும்பாலானவை தனி ஓவியர்கள் முன்பணம் திரட்டி அச்சிடுபவை. நம் ஊருக்கு வரவழைக்கும்போது அஞ்சல் செலவும் சுங்கமும் சேர்ந்து விலை ஏறிவிடும். அந்தக் காரணத்தால் நான் ஒருமுறை ஓர் இணையக் கடையில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டேன். வந்தது கள்ள அச்சு. அட்டைகள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சிறியவை. ஓவியத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தன. முகங்களில் கண்கள் கலங்கித் தெரிந்தன. விளக்கப் புத்தகத்துக்குப் பதிலாக மூடியின் உட்புறத்தில் ஒரு கியூஆர் கட்டம். இரண்டு மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து எழுபத்தெட்டுப் படங்களை வரைந்த ஒருவரிடமிருந்து நான் திருடியிருக்கிறேன் என்ற எண்ணம் என்னை விடவில்லை. ஸ்மித்துக்கு நடந்ததை எண்ணி வருந்திக்கொண்டே அதையே நானும் இன்னொரு ஓவியருக்குச் செய்துவிட்டேன். பின்னர் அந்த ஓவியரின் தளத்திலேயே முழு விலை கொடுத்து வாங்கினேன். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தாலோ, புத்தகம் இல்லை என்றாலோ, தயவுசெய்து வாங்காதீர்கள்.

எல்லாக் கட்டுகளையும் பார்த்த பிறகும் எனக்கு ஐந்து நாணயங்கள் கிடைக்கவில்லை. பனியை நீக்கியவர்கள் அதன் இடத்தில் மழையை வைத்தார்கள். நம்மிடம் மழை ஒரு வரம். ஆகவே ஹைட்டிக் கலைஞர்கள் செய்ததை நானும் செய்து பார்த்தேன். என் தம்பியையும் அவன் மனைவியையும் அழைத்துக்கொண்டு, ஒரு பெரிய மருத்துவமனைக்கு எதிரே இரவெல்லாம் திறந்திருக்கும் மருந்துக்கடை ஒன்றுக்கு, கடைக்காரரின் அனுமதி பெற்று, இரவு பதினொரு மணிக்குப் போனேன். கண்ணாடிக்கு உட்புறம் ஐந்து வட்ட விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தம்பி கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு மின்கம்பத்தில் சாய்ந்து நின்றான். அவன் மனைவி மருந்துச் சீட்டை ஒரு கையிலும், மடித்த நோட்டுகளை மறு கையிலும் வைத்துக்கொண்டாள். பணத்தை எண்ணுவதுபோல நில் என்று நான் சொல்லியிருந்தேன். அவளோ எண்ணி முடித்துவிட்டு மறுபடி எண்ணத் தொடங்குபவள்போல நின்றாள். அந்தக் கணத்தை எடுத்தேன். டாரட் அளவான 70க்கு 120 மில்லிமீட்டரில், கனத்த தாளில் அச்சிட்டு, முனைகளைக் கத்தரியால் வட்டமாக்கினேன்.

அக்காவிடம் அதைக் காட்டியது போன மாதம். அவர் வேலையை விடவில்லை. டயாலிசிஸ் நாட்களில் முன்னதாகக் கிளம்ப மேலாளரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டார். அட்டையைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"மொத்தம் எவ்வளவுன்னு கடைக்காரர் சொல்றதுக்கு முன்னாடி நிப்போம்ல, அந்த நேரம்" என்றார்.

பிறகு அவர் அந்த ஆண்டைப் பற்றிப் பேசினார். நகையை எந்த மாதம் வைத்தார், யாரிடம் கேட்கக் கூடாதென்று இருந்து கடைசியில் யாரிடம் கேட்டார், தெரிந்தவர் யாராவது எதிரே வந்துவிடுவார்களோ என்று எந்தக் கடைக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு போனார் என்று உணவு இடைவேளை முடிந்தும் பேசிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழுந்திருக்கும்போது அட்டையை மறுபடி எடுத்து, அதன் இடது ஓரத்தில், படம் முடிந்து வெள்ளை தொடங்கும் இடத்தில் விரலை வைத்தார்.

"இந்தப் பக்கம்தானே அந்தக் கடைக்கு வாசப்படி? அது தெரியிற மாதிரி எடுத்திருக்கலாம்ல."

அடுத்த சனிக்கிழமை இரவு தம்பியை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.